பண்பாடுகளுக்கிடையிலான பணி: கிறிஸ்தவ நோக்கில் ஒரு பட்டமேற்படிப்பு பற்றி வன்னி வாசகருக்கு ஓர் அறிமுகம்

இறையியல் கல்லூரிகளின் பாடநெறிப் பட்டியல்களில் ‘பண்பாடுகளுக்கிடையிலான கற்கைகள்’ என்ற பெயரில் ஒரு முதுமாணிப் படிப்பு இப்போது பரவலாகக் காணப்படுகிறது. வன்னியில் திருச்சபைப் பணியில் இருக்கும் இளையவர்களும், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்வோரும், சில ஆசிரியர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். வெளிநாட்டுக்கு மிஷனரியாகப் போகிறவர்களுக்கு மட்டுமான படிப்பா இது, இறையியலா அல்லது மானிடவியலா, படித்து முடித்தால் அதை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்யலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். இத்துறையின் பெயரை முதன்முறையாகக் கேள்விப்படுகிறவருக்கும் விளங்கும்படி, வன்னியில் நாம் நாளாந்தம் காணும் விடயங்களைக் கொண்டே அவற்றுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஒரு மொழியிலும் வழக்கத்திலும் வளர்ந்த ஒருவர், வேறொரு மொழியிலும் வழக்கத்திலும் வளர்ந்த மக்களிடையே வாழ்ந்து பணிசெய்யும்போது என்ன நடக்கிறது, எங்கே பிழைக்கிறது, எப்படி நடந்தால் அது நேர்மையான பணியாக இருக்கும் என்பதை முறைப்படி ஆராய்வதே இந்தப் படிப்பு. மக்களின் வாழ்க்கையைக் கிட்ட நின்று கற்கும் மானிடவியல், கடவுளைப் பற்றியும் திருச்சபையின் பணியைப் பற்றியும் சிந்திக்கும் இறையியல், கிறிஸ்தவம் நாடு விட்டு நாடு போன வரலாறு ஆகிய மூன்றும் இதற்குள் வந்து சேர்கின்றன. வணிகத்துக்காகவும் இராஜதந்திரத்துக்காகவும் பண்பாட்டு வேறுபாடுகளைக் கற்பிக்கும் படிப்புகள் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. கிறிஸ்தவ நோக்கிலான படிப்பு அவற்றின் ஆய்வு முறைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை இரண்டு நம்பிக்கைகளின்மேல் நிறுத்துகிறது. எந்த மக்களும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பது ஒன்று. ‘வாக்கு மனிதர் ஆனார்’ என்று யோவான் எழுதியபடி, கடவுளே ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு தச்சர் வீட்டில், அரமேய மொழி பேசி வளர்ந்தார் என்பது மற்றொன்று. இதை நம்புகிற ஒருவருக்கு, அயலவரின் மொழியையும் வழக்கத்தையும் பொறுமையாகக் கற்பது பணிக்கு முன்னான ஆயத்தமாக மட்டும் இருந்துவிட முடியாது. பணியின் முதற்பகுதியே அதுதான்.

இதைக் கேட்டதும் ஆபிரிக்காவோ மத்திய ஆசியாவோ நினைவுக்கு வரலாம். வன்னியில் இருக்கிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முல்லைத்தீவிலும் அதைச் சூழ்ந்த பழைய ஊர்களிலும் குளத்தையும் காட்டையும் வயலையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழும் வன்னிக் குடிகள் இருக்கிறார்கள். இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி திருத்தியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். மன்னார்க் கரையோரத்தில் கத்தோலிக்க மீனவர்களும், வவுனியா தெற்கில் சிங்கள விவசாயிகளும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் அகதிகளாக வாழ்ந்து, போருக்குப் பின்னர் திரும்பிவந்த முஸ்லிம்களும் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசுகிறவர்கள். மொழி ஒன்றாக இருப்பதால், மற்றவரை ஏற்கெனவே விளங்கிவிட்டோம் என்ற எண்ணம் நமக்குள் எளிதில் வந்துவிடுகிறது. வேற்று மொழி பேசுகிறவரிடம் நாம் காட்டும் கவனத்தை நம்முடைய மொழி பேசுகிறவரிடம் காட்டத் தவறுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஓர் இளம் போதகர், கிளிநொச்சியில் மலையகத்திலிருந்து வந்தவர்கள் வாழும் குடியேற்றமொன்றுக்குக் குறிப்பேட்டுடன் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படலையடியில் நின்று, “அம்மா, உங்கட பகுதியில என்ன பிரச்சினை இருக்கு?” என்று கேட்கிறார். அந்தத் தாய் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, “ஒண்ணும் கொறயில்லீங்க ஐயா, ஆண்டவன் புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கோம்” என்கிறார். போதகர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறார். அவர் தெருவுக்கு ஏறியதும் அதே தாய் பக்கத்து வீட்டுக்காரியிடம், “பங்குனி வந்தா கெணறு வத்திப் போயிரும். அத இவருகிட்ட சொல்லி என்னா ஆகப் போகுது?” என்கிறார்.

அந்தத் தாய் பொய் சொன்னதாக நினைப்பவர் இந்தப் படிப்பை இன்னும் தொடங்கவில்லை. வீட்டுக்கு வந்த பெரியவரிடம் முதல் நாளே குறை சொல்லுவது மரியாதையில்லை என்பது அவர் வளர்ந்த முறை. தோட்டத்தில் கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் குறை சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பது அவருடைய குடும்பத்தின் நினைவு. இவற்றோடு, குறிப்பேட்டுடன் வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் பலரை அவர் பார்த்துவிட்டார். எட்வேர்ட் ஹோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொல்லில் இராமல் சூழலிலும் உறவிலும் மௌனத்திலும் இருக்கிறது என்று விளக்கினார். அப்படிப்பட்ட சமூகத்தில் கேள்விக்கொத்தை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் உண்மையைப் பெற முடியாது. ஆகவே மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படும் முறை, மக்களோடு கூடியிருந்து, அவர்களுடைய வேலையில் பங்குகொண்டு அவதானிப்பது. பங்குனி மாதத்தில் விடியற்காலையில் அந்தக் கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நிற்கிற மாணவருக்குக் கேள்வி கேட்க வேண்டிய தேவையே இராது. யார் முதலில் அள்ளுகிறார்கள், யார் ஒதுங்கி நிற்கிறார்கள், யாருடைய வீட்டுக்கு எந்தப் பிள்ளை தண்ணீர் சுமக்கிறது என்பதெல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு அன்று இரவே எழுதப்படும் குறிப்பில், தான் கண்டதையும் கேட்டதையும் ஒரு பக்கமும், தான் அதிலிருந்து ஊகித்ததை மறுபக்கமும் பிரித்து எழுதப் பழக்குவார்கள். கேட்பதற்கு எளிய பழக்கம்போலத் தோன்றினாலும், பட்டமேற்படிப்பின் முதலாண்டில் பலரும் திணறுவது இதில்தான்.

இந்தத் துறைக்கு நம்முடைய பிரதேசத்தோடு பழைய தொடர்பு உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் கூலியாள் தோற்றத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கொங்கணி பேசும் குடும்பத்தில் பிறந்த அவர், தமிழைக் கற்று, பிறகு சிங்களத்தையும் கற்று, மறைந்து வாழ்ந்த மக்களோடு தாமும் மறைந்து வாழ்ந்தார். அதே ஒல்லாந்தர் காலத்தில்தான் மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை மக்கள் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனார்கள். இன்றைய மடுத் திருத்தலம் அவ்வாறு உருவானது. 2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடுவுக்கும் வந்தது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். மிஷனரி என்றால் ஐரோப்பியர் என்று நினைக்கப் பழகிய நமக்கு, ஆசியர் ஒருவர் இன்னோர் ஆசிய மக்களிடம் வறியவராக வந்து பணிசெய்த இந்த வரலாறு மிகவும் முக்கியமானது.

தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்த சீகன்பால்க் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றித் தமிழர்களிடமே கேட்டு விரிவான ஒரு நூலை எழுதி 1713 இல் ஜெர்மனிக்கு அனுப்பினார். அவரை அனுப்பியவர்களோ, அஞ்ஞான மதத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதா என்று நினைத்து அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867 இல்தான் அது சென்னையில் அச்சேறியது. அயலவரின் நம்பிக்கையைக் கவனமாகப் படிப்பது விசுவாசத்துக்கு ஆபத்தா, விசுவாசத்தின் கடமையா என்ற அந்த விவாதம் இன்றைக்கும் வகுப்பறைகளில் நடக்கிறது. என்னுடைய நிலைப்பாடு சீகன்பால்க்கின் பக்கம். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனும் அந்த வழியில் வருகிறவர்தான். மேலைத்தேய மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பிப்பதே வசதியாயிருந்தும், அவர் தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்து, தமிழிலேயே மாணவரைப் பயிற்றுவித்தார்.

பல்கலைக்கழகப் பாடமாக இது ஜெர்மனியின் ஹாலே நகரில், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், குஸ்தாவ் வார்னெக் என்ற பேராசிரியரோடு நிலைபெற்றது. அப்போது அது ‘மிஷன் இயல்’. ஐரோப்பா அனுப்பும், மற்றவர்கள் பெறுவார்கள் என்பதே அக்கால எண்ணம். அந்த எண்ணத்தை முகத்துக்கு நேரே கேள்விகேட்டவர்களில் ஒருவர் தமிழர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த வே. ச. அசரியா, 1910 இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் தங்கள் உடைமையையும் உயிரையும் கொடுத்தார்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று பேசினார். அதே அசரியா 1902 இல் யாழ்ப்பாணம் வந்திருந்தபோது, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தமிழ்நாட்டுக் கரையோரத்துக்குத் தங்கள் ஆட்களை அனுப்பியிருந்ததைக் கண்டு ஊக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கப்பட்டதில் அந்த ஊக்கத்துக்குப் பங்குண்டு. பெறுகிறவர்களாகவே எண்ணப்பட்ட ஒரு சமூகம் அந்தக் காலத்திலேயே அனுப்புகிற சமூகமாகவும் இருந்தது என்பதை நமது இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கலிபோர்னியாவிலுள்ள ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965 இல் ‘உலக மிஷன் கல்லூரி’ என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. 2003 இல் அதற்குப் பண்பாடுகளுக்கிடையிலான கற்கைகள் என்ற பெயர் சூட்டப்பட்டது. வேறு பல கல்லூரிகளும் இவ்வாறே பெயரை மாற்றின. மிஷன் என்ற பெயர் கொண்ட பட்டத்தோடு பல நாடுகளில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமற்போனது இதற்கு ஒரு காரணம். எல்லாத் திசையிலிருந்தும் எல்லாத் திசைக்கும் மக்களும் நம்பிக்கைகளும் நகரும் காலத்தில் பழைய பெயர் போதாமற்போனது மற்றக் காரணம். பெயர் மாறியதால் நோக்கம் மறைக்கப்படுகிறதா என்ற கேள்வி நியாயமானது. நல்ல கல்லூரி அதை மாணவரிடம் ஒளிக்காது. மாணவரும் தாம் போகும் இடத்து மக்களிடம் தாம் யார் என்பதை ஒளிக்கக் கூடாது.

இனி, உள்ளே என்ன படிக்கிறார்கள் என்பதற்கு வருவோம். இதை வன்னிக் களம் ஒன்றில் வைத்துப் பார்ப்பதே நல்லது. தெலுங்கு நாட்டில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து மானிடவியலாளரான போல் ஹீபர்ட், ஒரு பழைய வழக்கத்தைக் கிறிஸ்தவர் என்ன செய்வது என்பதற்கு நான்கு படிகளைக் காட்டினார். பெரும்போக அறுவடை முடிந்திருக்கிறது. அண்மையில் கிறிஸ்தவரான விவசாயி ஒருவரின் உறவினர் புதுநெல்லைக் குற்றி, களத்தில் பொங்கிப் படைக்கப் போகிறார்கள். அந்த விவசாயியும் காலங்காலமாக அந்தப் பொங்கலில் நின்றவர். இனி நிற்கலாமா? பொதுவாக இரண்டு பதில்கள் உடனே வரும்: ஒன்று, அது விக்கிரக ஆராதனை, போகக் கூடாது, மற்றது, அது வெறும் கலாசாரம், போனால் என்ன?

ஹீபர்ட்டின் முறை இரண்டு பதில்களையும் தள்ளி வைக்கச் சொல்கிறது. முதலில், தீர்ப்புச் சொல்லாமல் அந்த வழக்கத்தைப் பற்றி முழுமையாக விசாரிக்க வேண்டும். பொங்கல் யாருக்கு, முதற்பிடி ஏன் ஒதுக்கி வைக்கப்படுகிறது, வயலில் வேலை செய்த கூலியாளுக்கு அன்று என்ன உரிமை, களத்துக்குள் ஏன் சில சொற்களைச் சொல்வதில்லை, பொங்கலுக்கு வராத உறவினரை ஊர் எப்படி நினைக்கிறது என்று முதியவர்களிடம் கேட்டு அறிய வேண்டும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு இவற்றில் பல மறைந்துவிட்டன என்பதும் அப்போதுதான் தெரியவரும். அடுத்து வேதத்தைத் திறக்க வேண்டும். உபாகமம் 26 ஆம் அதிகாரத்தில், நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு வருகிற விவசாயி, தன் முன்னோர் நாடோடியாய், அடிமையாய், துன்பப்பட்ட கதையைச் சொல்லி நன்றி செலுத்துகிறார். அந்தப் பலனை லேவியரோடும் அந்நியரோடும் பகிர்ந்து மகிழ்கிறார். இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறி, கண்ணிவெடி அகற்றிய வயலில் மறுபடியும் விதைத்த வன்னி விவசாயிக்கு இந்த அதிகாரம் எவ்வளவு பொருந்துகிறது என்பதை எந்த வெளிநாட்டுப் பேராசிரியரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய, படைக்கப்பட்ட உணவு பற்றிய எச்சரிக்கைகளையும் அதே நேர்மையோடு வாசிக்க வேண்டும். மூன்றாவது படியில் முடிவு எடுப்பது போதகர் அல்ல, அந்த விவசாயியும் அவருடைய சபையாரும். நான்காவது படியில் ஒரு புதிய வழக்கம் உருவாகலாம்: புதுநெல்லைச் சபைக்குக் கொண்டுவந்து, இடம்பெயர்ந்த கதையைக் குடும்பத் தலைவர் எல்லோர் முன்னும் சொல்லி, பொங்கி, இந்து உறவினரையும் அழைத்துப் பகிர்ந்துண்ணலாம். சபையார் வேறு முடிவுக்கும் வரலாம். போதகர் ஒருவரின் தடையாக இல்லாமல், தாங்களே ஆராய்ந்து எடுத்த முடிவாக இருந்தால் அதற்கு உயிர் இருக்கும்.

இதே ஹீபர்ட் இன்னொன்றையும் கவனித்தார். மேலைத்தேயக் கல்வி பெற்ற ஊழியர்கள் பரலோகத்தைப் பற்றியும் பேசுவார்கள், வைத்தியசாலையைப் பற்றியும் பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள நாவூறு, செய்வினை, கிரக தோஷம், பேய், முன்னோர் ஆகியவற்றைப் பற்றி அவர்களிடம் பதிலே இராது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் நூல் கட்ட ஓடும் தாயை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்லிவிட்டுப் போவது அந்தத் தாயின் பயத்தைத் தீர்ப்பதில்லை. அவர் இனி நூல் கட்டப் போவதைப் போதகருக்குத் தெரியாமல் செய்வார், அவ்வளவுதான்.

இத்துறையின் கருத்துகள் எல்லாம் நமக்கு நன்மையானவை அல்ல. ஃபுல்லர் கல்லூரியின் அந்தப் பிரிவைத் தொடங்கிய டொனால்ட் மக்கவ்ரன் இந்தியாவில் பிறந்து, அங்கேயே நெடுங்காலம் பணிசெய்தவர். இன, மொழி, வகுப்புத் தடைகளைத் தாண்டாமலே கிறிஸ்தவராக வர மக்கள் விரும்புகிறார்கள் என்றும், ஆகவே ஒரே வகைப்பட்ட மக்களிடையே சபைகளை வளர்ப்பது பயன் தரும் என்றும் அவர் வாதிட்டார். அவதானிப்பு என்ற அளவில் இது பெருமளவு உண்மை. பணியின் கொள்கையாக எடுத்துக்கொண்டால், சாதிக்கொரு சபை, ஊருக்கொரு சபை என்பதற்கு இறையியல் முத்திரை குத்தியதாகிவிடும். வடபகுதித் திருச்சபைகளில் யார் எந்த வாங்கில் இருந்தார்கள், யாருக்கு எந்தச் சவக்காலை, யாருடைய வீட்டில் யார் தேநீர் குடிக்கவில்லை என்பதை அறிந்த எவரும் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. அப்போஸ்தலர் 6 இல், கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, ஆதிச்சபை அவர்களுக்கென்று தனிச்சபை அமைத்துக் கொடுக்கவில்லை. பொறுப்பை அந்த மக்களின் பெயர் கொண்டவர்களிடமே ஒப்படைத்தது. மக்கவ்ரனையும் படியுங்கள், ஆனால் அந்த அதிகாரத்தையும், பிரிந்திருந்த இரு மக்களுக்கு நடுவிலிருந்த சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று சொல்லும் எபேசியர் 2 ஐயும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள் என்பதே நான் மாணவருக்குச் சொல்வது.

உதவியும் அதிகாரமும் பற்றிய பாடம் வன்னியில் மிகுந்த கவனத்தோடு படிக்கப்பட வேண்டியது. 2009 மே மாதத்துக்குப் பின்னர் செட்டிகுளத்து முகாம்களிலும், பிறகு மீள்குடியேறிய ஊர்களிலும் பலவகை அமைப்புகள் வந்தன. உண்மையாக உழைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் கூரைத் தகரத்தோடு ஜெபக்கூட்டத்துக்கான அழைப்பும் சேர்ந்து வரும்போது, வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அந்தக் குடும்பம் இல்லை. அந்த வீட்டிலிருந்து வரும் ‘விசுவாசம்’ எவ்வளவு காலம் நிற்கும் என்பது ஒருபுறமிருக்க, அது அயலில் விதைக்கும் கசப்பு நெடுங்காலம் நிற்கிறது. 2011 யூன் மாதத்தில் வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவையும், உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக இவாஞ்செலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் ஆவணத்தை வெளியிட்டன. பலசமயச் சூழலில் சாட்சி பகர்வது கிறிஸ்தவருக்கு உரியதுதான் என்று கூறும் அந்த ஆவணம், பொருளுதவியையும் சலுகையையும் காட்டி இழுப்பதையும், வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதையும் நற்செய்திக்கு முரணானவை என்று தள்ளுகிறது. பொதுவாக ஒன்றுசேராத இந்த மூன்று தரப்பும் இதில் உடன்பட்டிருப்பதால், ஒவ்வொரு சபையிலும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிற சமயங்களைக் கற்பது இப்படிப்பில் கட்டாயமான பகுதி. இலங்கை இதில் உலகுக்குக் கொடுத்தது அதிகம். மெதடிஸ்த குருவான லின் டி சில்வாவும், களனியில் 1974 இல் துலானா ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய இயேசுசபைக் குரு அலோசியஸ் பீரிசும் பௌத்தத்தை உள்ளிருந்து படித்துக் கிறிஸ்தவத்தோடு உரையாட வைத்தார்கள். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தரான டி. ரி. நைல்ஸ் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற்கூட்டம் 1948 இல் ஆம்ஸ்டர்டாமில் கூடியபோது அங்கே பிரசங்கித்தவர். வன்னியில் இருப்பவருக்கோ பாடநூல் ஊரிலேயே இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு எத்தனை விதமான மக்கள் என்னென்ன நேர்த்தியோடு வருகிறார்கள், ஆவணித் திருவிழாக் காலத்தில் மடுவில் தமிழ்க் குடும்பமும் சிங்களக் குடும்பமும் அடுத்தடுத்த கொட்டில்களில் தங்கிச் சமைக்கும்போது எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள், ஒரே தாயிடம் வந்தவர்கள் வீடு திரும்பியபின் ஒருவரையொருவர் ஏன் நம்புவதில்லை என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதும்.

ஆய்வு என்றதும், இங்கு மிகக் கடுமையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரிடம் எத்தனையோ பேர் வந்து கதை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு தாய் தன் பிள்ளையைக் கையளித்த நாளை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பட்டத்துக்காக அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லவைக்க மாணவருக்கு என்ன உரிமை? ஆய்வு நெறிமுறைப் பாடம் சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்குவதோடு முடிவதில்லை. ஏற்கெனவே பதிவாகியுள்ளதை முதலில் வாசித்தல், விரும்பிய கணத்தில் நிறுத்த அவருக்குள்ள உரிமையை அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லுதல், எழுதியதை அவரிடம் திருப்பிக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுதல் ஆகியன அதில் அடங்கும். ஆய்வு செய்யப்படுவது எப்படியிருக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் வன்னி மக்கள். இப்படிப்புக்குப் போகும் வன்னி மாணவர், வேறு நாட்டு வகுப்பறையில் கொண்டுபோய் வைக்கக்கூடிய பெறுமதியான அறிவு அது.

ஒப்புரவு பற்றிய பாடமும் இதோடு சேர்ந்தது. மெனோனைட் சபையைச் சேர்ந்த சமாதான ஆய்வாளர் ஜோன் போல் லெடராக், சங்கீதம் 85 இல் வரும் கிருபை, சத்தியம், நீதி, சமாதானம் ஆகிய நான்கையும் நான்கு ஆட்களாகப் பாவித்து, ஒவ்வொருவரையும் தம் தரப்பைப் பேசவைக்கும் ஒரு பயிற்சியை உருவாக்கினார். வன்னியில் நடந்த நல்லிணக்க நிகழ்ச்சிகள் பலவற்றில் சமாதானத்துக்கு மட்டும் ஒலிவாங்கி கொடுக்கப்பட்டது. சத்தியமும் நீதியும் பேச அழைக்கப்படவில்லை. சங்கீதம் நான்கையும் சந்திக்க வைக்கிறது. கிறிஸ்தவ நோக்கு என்று பெயர் சொல்லும் படிப்பு இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

நடைமுறை விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் பட்டம் பெற்ற ஒருவர், எந்தத் துறையில் பெற்றிருந்தாலும், பொதுவாக இம்முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாம். சில கல்லூரிகள் இறையியலில் அடிப்படைப் பாடங்கள் சிலவற்றை முதலில் முடிக்கச் சொல்லும். முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். அதற்குமேல் ஆய்வு சார்ந்த கலாநிதிப் பட்டமும், அனுபவமுள்ள ஊழியர்களுக்கான தொழில்சார் கலாநிதிப் பட்டமும் உண்டு. இந்தியாவில் செராம்பூர்க் கல்லூரி 1818 இல் தொடங்கி, 1827 இல் டென்மார்க் மன்னரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அதன் ஆட்சிப்பேரவையின் கீழுள்ள கல்லூரிகளில், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ் மாணவருக்கு நெருக்கமானது. இலங்கையில், பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரியில் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே வளாகத்தில் தத்தம் மொழியில் படிக்கிறார்கள். அந்தக் கூட்டு வாழ்க்கையே இத்துறைக்கு நல்ல தொடக்கம்.

படித்தவர்கள் போதகர்களாகவும், இறையியல் விரிவுரையாளர்களாகவும், வேதாகம மொழிபெயர்ப்பிலும், அகதிகள் பணியிலும், அபிவிருத்தி நிறுவனங்களிலும், புலம்பெயர்ந்த தமிழ்ச் சபைகளிலும் வேலை செய்கிறார்கள். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ உள்ள தமிழ்ச் சபையில், வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியும் பேசி வளர்ந்த பிள்ளைக்கும் அதன் பாட்டனுக்கும் இடையே நிற்கும் போதகருக்கு இந்தப் படிப்பு நாள்தோறும் தேவைப்படும். அரச வேலையை எண்ணிப் படிக்கிறவர்கள், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னர் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். இணையவழியில் விரைவாகப் பட்டம் தருவதாகச் சொல்லும் இடங்களிடம் தர அங்கீகாரம் வழங்கிய அமைப்பின் பெயரைக் கேட்டு, அந்த அமைப்பின் பட்டியலிலேயே கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. களப்பணிக்கு எத்தனை மாதங்கள், அதை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்பது முதலாவது. களப்பணி இல்லாத இத்துறைப் பட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெற்றுக்கொள்ளத் தக்கதல்ல. ஆய்வேட்டைத் தமிழில் எழுத இடமுண்டா, இல்லையென்றால் அதன் சாரத்தை ஆய்வு நடந்த ஊருக்குத் தமிழில் கொடுக்கக் கல்லூரி உதவுமா என்பது இரண்டாவது. விண்ணப்பிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது என்பவர் அந்த ஓராண்டில் சிங்களம் கற்கலாம். ஏற்கெனவே சிங்களம் தெரிந்தவர் தன் ஊரில் தனக்கு மிகக் குறைவாகப் பழக்கமுள்ள குடியிருப்பைத் தெரிந்தெடுத்து, குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டு, அங்கே போய்வரத் தொடங்கலாம்.